ஐந்து பெட்டிகளுக்கு நடுவில் ஒரு கதிரை

போன வருசம், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம். கதவைச் சாத்தினாலும் மணல் உள்ளே வருகிற காலம் அது. என் மனுசன் சேவியர், வீட்டின் நடுவில் கதிரையைப் போட்டுக் கண்ணை மூடி இருந்தார். நான் குசினி வாசலில், என்னுடைய வழக்கமான இடத்தில், மீன் போடுகிற ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் இருந்தேன். மடியில் சுளகு. சுளகில் குறிஞ்சிப்பிட்டியில் விளைந்த சின்ன வெங்காயம்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டில் ஒரு கிட்டார் இருக்கிறது. முன்பக்கத்து இடது ஸ்பீக்கர் பெட்டியில் தொடங்கும். சுவரோரமாக நடந்து வரும். கதிரைக்குப் பின்னால் சுற்றி, கடைசியில் வலது பின்பெட்டியில் வந்து நின்றுகொண்டு அழும். அந்த வலது பின்பெட்டி என் தோளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் அந்தக் கிட்டாருக்காகக் காத்திருப்பேன்.

அன்றைக்கு அது வரவில்லை. இடது பின்பெட்டி வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நடுக்கடலில் எஞ்சின் நின்ற மாதிரி. காதைப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். செத்துக் கிடந்தது.

சேவியர் இப்போது கத்தப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு பெட்டியில் இலேசாக இரைச்சல் கேட்டாலே பாட்டை நிறுத்திவிட்டு எல்லா வயரையும் கழற்றி நிலத்தில் பரப்புகிற மனுசன். அன்றைக்குக் கத்தவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"கடைசியா அந்தக் கிட்டார் அழுகுது பார், அதுக்கு ஈடு ஒண்டும் இல்ல" என்றார்.

நான் வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

தும்புத்தடியோடு திரும்பினேன்

இந்தப் பாட்டுப் பெட்டிகள் மீன் காயப்போடுகிறவள் வீட்டுக்கு எப்படி வந்தன என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். கேட்ட விதத்தில்தான் எனக்குக் கோபம்.

கருவாடு காயப்போடுகிற வாடி தொடங்குவதற்கு முன்பு கண்டக்குழியில் ஒரு லொட்ஜில் அறை கூட்டினேன் என்று சில கிழமைகளுக்கு முன்பு இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அந்த லொட்ஜை நடத்தியவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். காற்றுப் பட்டம் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருகிறவர்களுக்கு அறை கொடுப்பார். அவருடைய சொந்த அறையில் மூலைக்கு மூலை பெட்டி இருந்தது. நான் அவற்றைத் தூசு தட்டுவேன். எதற்கு இத்தனை என்று கேட்டதில்லை.

ஒரு நாள் நான் கட்டிலுக்குக் கீழே கூட்டிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ கை தட்டினார்கள். ஒருவர் இல்லை, ஒரு கூட்டம். தும்புத்தடியை ஓங்கிக்கொண்டு திரும்பினேன். அலுமாரிதான் நின்றது. வெள்ளைக்காரர் வாசலில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். மேடையில் பாடியதைப் பதிந்த டிஸ்க் அது. பாடுகிறவன் எனக்கு முன்னால், கேட்கிறவர்கள் பின்னால்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, இன்னொரு தரம் போடச் சொன்னேன்.

சாதாரண ரேடியோவில் பாட்டு எதிரே இருக்கும், நீங்கள் இந்தப் பக்கம் இருப்பீர்கள். இதில் அப்படி இல்லை. ஐந்து பெட்டியும் ஐந்து வேலை செய்யும். மேளம் ஒரு இடம், குரல் ஒரு இடம், கிட்டார் ஒரு இடம். ஆறாவதாக ஒன்று நிலத்தில் இருக்கும். அடிச்சத்தம் அதன் வேலை. அதை நாங்கள் குண்டன் என்போம். கடலில் நின்றால் அலை ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம், மற்றப் போட்டுகள் ஒரு பக்கம் கேட்குமே, அப்படி. இந்தக் கரையில் பிறந்தவளுக்கு இதில் புதுமை இல்லை. கேட்கும் விதம் பழகியது. பாட்டுத்தான் புதிது.

சுற்றுலாக்காரர் வராமல் லொட்ஜ் இழுத்து மூடப்பட்டபோது வெள்ளைக்காரர் வேலை செய்தவர்களைக் கூப்பிட்டு, வேண்டியதை எடுங்கள் என்றார். ஒருத்தி கட்டிலைக் கேட்டாள். சமையற்காரன் பிரிட்ஜைக் கேட்டான். நான் பெட்டிகளையும் டிஸ்க்குகளையும் கேட்டேன்.

லாரியில் இருந்து இறக்கும்போது சேவியர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"பிரிட்ஜைக் கேக்காம இதக் கேட்டிருக்கிறியே, உனக்கு மூளை இருக்கா மெட்டில்டா?"

"ஐஸ் பெட்டி வீட்டில பதினாறு கிடக்கு. பாட்டுப் பெட்டி இருக்கா?"

ஊரில் இன்னொரு கேள்வி. இங்கிலீசு உனக்கு விளங்குமா? விளங்காது. முந்தி லத்தீனில் பூசை பாடியபோது உங்கள் அப்பாமாருக்கு விளங்கினதா? முழங்காலில் நின்று அழவில்லையா? கொழும்பில் இருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், "இதெல்லாம் கேக்கத் தெரிஞ்சவங்கள் கேக்கிற சாமான்" என்றார். அவருக்குப் போட்ட பிளேன்டீயில் சீனி போடாமல் கொடுத்தேன்.

திருநாள் வயரிங்

பெட்டிகளைப் பூட்டியவன் என் தம்பி நெல்சன். கோயில் திருநாளுக்கு ஸ்பீக்கர் கட்டுவது அவன் தொழில். எங்கள் ஊரில் வயர் என்றால் நெல்சன்தான். ஒரே நாளில் பூட்டி முடித்தான். பாட்டுப் போட்டால் வீடு அதிர்ந்தது. குண்டனுக்கு மேலே தட்டில் நின்ற அந்தோனியார் சொரூபம் மெல்ல மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "பேய்ப்பாட்டுக் கேக்க ஏலாம அந்தோனியார் வெளிக்கிடுறார்" என்றாள். சொரூபத்துக்குக் கீழே ஒரு துண்டு ரப்பர் வெட்டி வைத்தேன். அவர் நின்றுவிட்டார்.

ஆனால் கிட்டார் நடக்கவில்லை. எல்லாப் பெட்டியும் எல்லாவற்றையும் சொன்னது. நெல்சனிடம் கேட்டேன்.

"அக்கா, எல்லாப் பொக்சும் ஒரே மாதிரிப் பேசோணும். போன திருநாளுக்குப் பின்பக்கத்து ஸ்பீக்கர் கொஞ்சம் குறைஞ்சதுக்கு என்ட சேட்டக் கிழிச்சானுவள். மறந்திட்டியா?"

அவனைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் திருநாளில் தென்னை மரத்துக்குத் தென்னை மரம் ஸ்பீக்கர் கட்டுவார்கள். பீடத்துக்கு முன்னால் நிற்கிற, வலையின் முதலாளியான சம்மாட்டிக்குக் கேட்கிற பிரசங்கம் கடற்கரையில் வலை இழுக்கிறவனுக்கும் அதே அளவுக்குக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அடிபிடி. அந்த நியாயத்தைக் கொண்டுவந்து என் வீட்டுக்குள் பூட்டிவிட்டான்.

ஒரு முழுச் சோளகம் அப்படியே கேட்டோம். பிழை என்று நான் சொன்னேன். ஆண்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைசியில் ஒரு நாள் சேவியருக்கே சந்தேகம் வந்து, பெட்டிகளுக்குச் சத்தம் கொடுக்கிற அம்பிளிபயரின் பின்பக்கத்துப் படங்களைப் பார்த்துப் பார்த்து வயரை மாற்றிப் பூட்டினார். பாட்டுப் போட்டார். கிட்டார் கிளம்பி அவரைச் சுற்றி வந்தது. அவருடைய கழுத்து அதன் பின்னாலேயே திரும்பியது. அன்றைக்கே அந்தக் கதிரை அவருடையதாகிவிட்டது.

இதை மறைக்காமல் எழுதுகிறேன். இந்த மாதிரிப் பாட்டில் சரியாகக் கேட்கிற இடம் ஒன்றுதான். எல்லாப் பெட்டிக்கும் நடு. சேவியர் கதிரையை இப்படியும் அப்படியும் நகர்த்திச் சரியான இடத்தைக் கண்டுபிடித்தார். பிறகு போட்டுக்கு அடிக்கிற நீலப் பெயின்டை எடுத்து வந்து, கதிரையின் நாலு காலுக்கும் சீமெந்தில் நாலு பொட்டு வைத்தார். ஒரு விரல் அளவு விலகினாலும் அவருக்குத் தெரியும். "இடது பின்பெட்டி கொஞ்சம் முந்துது" என்பார். அப்படிப்பட்ட காது.

பாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான். கதிரை அவருக்கு. எனக்குக் குசினி வாசல், வலது பின்பெட்டி, அடுப்பில் கிடக்கிற சோறு. வருசக்கணக்காக என்னுடைய றொக் பாட்டு அந்த ஒரு பெட்டிதான்.

கீழே போனால் சரியாகும்

சேவியர் கடலட்டை எடுக்கிறவர். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, அடியில் கிடக்கிற அட்டையைப் பொறுக்கி வலைப் பையில் போட்டுக்கொண்டு ஏறுவது தொழில். அந்த அட்டையை எங்கேயோ வெளிநாட்டில் விருந்துக்குச் சமைக்கிறார்களாம். வாங்க வருகிற முதலாளிமார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எடுத்தவனின் காதையோ முழங்காலையோ ஒருவரும் பார்த்ததில்லை.

முங்குகிற ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. மேலே வந்த பிறகு மூட்டு வலித்தால், தோள் இறுகினால், காது அடைத்தால் வைத்தியரிடம் போவதில்லை. அடுத்த நாள் மறுபடியும் இறங்குவார்கள். "கீழ போனாச் சரியாகும்" என்பது அவர்களுடைய மருந்து. கீழே போனால் வலி குறையும் என்பது உண்மைதானாம். அதுதான் கேடு.

அந்தச் சோளகத்துக்கு முன்பு, பருவம் முடிகிற நேரம் ஒரு நாள் சேவியர் வாந்தி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வலது காதுக்குள் எஞ்சின் ஓடுகிறது என்றார். அடுத்த நாள் விடிய, நான் கத்தக் கத்த, மறுபடியும் இறங்கினார். பின்னேரம் வந்து, "அடைப்பு எடுபட்டிட்டு" என்றார்.

நம்பினேன். பிறகு சோளகம் வந்தது. கடல் கலங்கியது. தொழில் இல்லை. பாட்டுக் கேட்டோம். பெட்டி செத்தது.

அன்றைக்கு அவர் வெளியே போன பிறகு வயரைக் கழற்றிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எதையும் உப்புக்காற்றுத் தின்னும். செம்பு பச்சையாகிப் பொடியாக உதிர்ந்தது. வெட்டிப் பூட்டக் கொஞ்ச நேர வேலை. நான் பூட்டவில்லை. பேசாமல் மனுசனைக் கவனித்தேன்.

சாப்பிடும்போது இடது பக்கத்தை எனக்குக் காட்டி இருந்தார். கிணற்றடியில் இருந்து கூப்பிட்டால் எதிரே இருக்கிற வாசற்படலைப் பக்கம் போனார். இடது காதைத் தலையணையில் வைத்துப் படுத்தால், நான் எவ்வளவு ஏசினாலும் நிம்மதியாகத் தூங்கினார். அந்த நிம்மதியை முன்பு நான் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு காது போனால் என்ன, மற்றது இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். நிலத்தில் சொல்லலாம். சிலிண்டர் முடிந்து மேலே வருகிறவன் தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே வைத்திருப்பான். சுற்றிலும் தலையை விட உயரமாக அலை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. போட் எஞ்சின் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று காதுதான் சொல்ல வேண்டும். சத்தம் கேட்டால் மட்டும் போதாது, பக்கம் தெரிய வேண்டும். பக்கம் தெரியாமல் திரும்பிய ஒருவனைப் பக்கத்து ஊரில் எஞ்சினின் சுழல்தகடு வெட்டியது. செத்த வீட்டுக்குப் போனேன். சவப்பெட்டியை மூடித்தான் வைத்திருந்தார்கள்.

நீட்டிய கை

காற்று இறங்கியது. ஜூட் வந்தான். அவன்தான் போட்டுக்காரன். முங்குகிறவர்களை இறக்கி ஏற்றுகிறவன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கினான்.

"அண்ணே, தண்ணி கண்ணாடி மாதிரி. திங்கள் போவமா?"

"போவம்."

"போறதுக்கு முன்னம் ரெண்டு பேரும் ஒரு பாட்டுக் கேளுங்க" என்றேன்.

"ஐயோ அக்கா, உங்கட பாட்டுக் கேட்டா எனக்குத் தலையிடி வரும்."

"உன்ட தலையில இடிக்க ஒண்டுமில்ல. வந்து என்ட ஐஸ் பெட்டியில இரு."

சேவியர் சந்தோசமாகக் கதிரையைப் பொட்டில் வைத்தார். அந்த டிஸ்க்கைத்தான் போட்டேன். "கண்ண மூடிக்கொண்டு, கிட்டார் எங்க போகுதெண்டு ஜூட்டுக்குக் கையால காட்டுங்க" என்றேன்.

காட்டினார். விரல் முன்னால் இடது பக்கத்தில் தொடங்கியது. சுவரோரமாக நகர்ந்தது. இடது பின்பெட்டிக்கு வந்தது. முதுகுக்குப் பின்னால் சுற்றியது. கடைசியில் வலது கை நீண்டு, ஜூட்டின் தோளுக்குப் பக்கத்துப் பெட்டியைக் குறிபார்த்து நின்றது.

"அந்தா, உன்ட பக்கத்தில. அழுகுது பார்."

ஜூட் பெட்டியைப் பார்த்தான். காதை வைத்தான். என்னைப் பார்த்தான். சிரிக்கத் தொடங்கினான். நான் பெட்டிக்குப் பின்னால் தொங்கிய வயரை எடுத்து அவனுடைய கையில் வைத்தேன். சிரிப்பு நின்றது.

பாட்டுக் காதில் இல்லை. மனுசனுக்கு மனப்பாடம். செத்த பெட்டி அவருக்குள்ளே பாடிக்கொண்டிருந்தது.

நான் பாட்டை நிறுத்தினேன். அவர் கண்ணைத் திறப்பதற்குள், கூப்பிடு என்று ஜூட்டுக்குச் சைகை காட்டினேன். அவன் சேவியரின் வலது பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணே" என்றான். சேவியர் இடது பக்கம் திரும்பிக் கண்ணைத் திறந்தார். அங்கே சுவர் இருந்தது.

ஜூட் வயரைக் கீழே விட்டான்.

"எத்தின நாளா அண்ணே?" என்றான் ஜூட்.

"கொஞ்சம் அடைச்சிருக்கு. கீழ போனாச் சரியாகும்."

"நான் உங்கள இறக்க மாட்டன்."

"உன்ட போட் மட்டுந்தானா கடலில இருக்கு?"

"இல்ல. மத்தப் போட்டுக்காரர் எல்லாருக்கும் நானே போய்ச் சொல்லுவன். கோவிச்சாக் கோவிங்க."

ஜூட் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போனான். மாட்டவும் மறந்துவிட்டான். சேவியர் என் பக்கம் திரும்பினார்.

"ஊருக்கு முன்னால என்னய வெக்கப்படுத்திட்டாய்."

"ஓம். உசிரோட இருந்து வெக்கப்படுங்க."

மூடி வைத்த பெட்டிகள்

புத்தளத்துக்குப் போய்க் காது டொக்டரிடம் காட்டினோம். உள்ளே நரம்பு போய்விட்டது என்றார். வாந்தி எடுத்த அன்றைக்கே வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாமாம். சேவியர் டொக்டரின் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் இறங்கினால் மற்றக் காதுக்கும் உத்தரவாதம் இல்லை என்று டொக்டர் சொன்னபோது மட்டும் தலையை ஆட்டினார். எந்தக் காதால் கேட்டாரோ.

அதன் பிறகு என்னோடு கதை இல்லை. பாணை வைத்தால் சாப்பிடுவார், பிளேன்டீ வைத்தால் குடிப்பார். பெட்டிகளின்மேல் ஒரு பழைய தார்ப்பாய்ப் படங்கை இழுத்துப் போட்டார். நான் வாடிக்குப் போய்க் கருவாட்டைத் திருப்பினேன். நான் செய்தது சரி. சரியானதைச் செய்தால் மனசு இலேசாகும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கு ஆகவில்லை. மனுசன் வீட்டில் இருந்தும் வீடு காலியாகக் கிடந்தது.

ஜூட்தான் திரும்பி வந்தான். சேவியரைக் கீழே அனுப்ப அல்ல, மேலே வைத்துக்கொள்ள. தன்னோடு போட்டில் நிற்க அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்றான். சேவியர் நாலு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துவிட்டுப் போனார்.

போன முதல் நாளே சண்டை. ஆட்கள் அடியில் இருக்கும்போது போட்டைக் கிட்டக் கொண்டுபோக எஞ்சினைப் போடுவது இங்கே எல்லாரும் செய்கிற வேலை. மேலே வருகிறவன் சத்தம் கேட்டு விலகிக்கொள்வான் என்பது கணக்கு. சேவியர் எஞ்சினின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜூட்டை விடவில்லையாம். "எல்லாத் தலையையும் கண்ணால காணாம இதத் தொடாத. அவனுகள்ற காதை நம்பாத. என்னயும் நல்ல காதெண்டுதான நீ நம்பின?" என்று கேட்டாராம். இதை ஜூட் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் போட்டில் இப்போது அதுதான் சட்டம். மற்றப் போட்டுக்காரர் பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும்.

கதிரை

இந்த வருசச் சோளகம் தொடங்கி, மணல் வீட்டுக்குள் வந்த ஒரு பின்னேரம். நான் வாடியில் இருந்து வந்தபோது படங்கைக் காணவில்லை. சேவியர் நிலத்தில் இருந்து வயருக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தார். எல்லாப் பெட்டிக்கும் புது வயர். உப்பு ஏறாமல் நுனிகளை ரப்பரால் சுற்றியிருந்தார். கதிரை நாலு பொட்டிலும் சரியாக நின்றது.

கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி, என்னுடைய ஐஸ் பெட்டியில் போய் இருந்தார். சுளகை மடியில் வைத்தார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிற? போய் இரு."

"எங்க?"

"கதிரையிலதான். எனக்கு நடுவும் ஒண்டுதான், மூலையும் ஒண்டுதான்."

கருவாட்டு நாற்றத்தோடு போய் இருந்தேன். அந்தக் கதிரையில் பாட்டு ஓடும்போது நான் இருந்தது அதுதான் முதல் தரம். குரல் நெற்றிக்கு நேரே வந்தது. மேளம் முன்னால் இரண்டு பக்கமும் அகலமாக நின்றது. வருசக்கணக்காக ஒரே ஒரு பெட்டியில் கேட்ட பாட்டு இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. சொல்லப்போனால் ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருசம் இந்த மனுசன் இதைத் தனக்கு மட்டுமே வைத்திருந்திருக்கிறார்.

கிட்டார் கிளம்பியது. சுவரோரமாக நடந்தது. பின்னால் சுற்றியது. வலது பின்பெட்டிக்கு வந்து அழுதது. லொட்ஜில் அன்றைக்குத் திரும்பியது போலவே, என்னை அறியாமல் திரும்பிப் பார்த்தேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் சேவியர். வெங்காயம் ஒன்றுகூட உரிக்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பார்வை?" என்றேன்.

"உன்ட தலை திரும்புற பக்கந்தான கிட்டார் நிக்குது. பாத்தா எனக்கும் விளங்குது."

நான் முன்னால் திரும்பிக்கொண்டேன். அடுத்த பாட்டில் என் கழுத்து வலிக்கும் வரைக்கும் தலையைத் திருப்பினேன்.